அளவுக்கு உட்கார்ந்தவள்

அரியலூருக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் ரோடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாத பதினாலு கிலோமீட்டரின் கடைசியில் இருக்கிற வெண்ணாங்குறிச்சியில், ஒருவர் வண்டியைப் பள்ளத்தில் விட்டால் வேறொருவர் வீட்டில் தூக்கிப் போடப்பட்ட காலம் ஒன்று இருந்தது. காலம் என்றதும் ராஜா காலமோ என்று நினைத்துவிட வேண்டாம். எல்லார் கையிலும் செல்போன் வந்து, சிக்னல் மட்டும் வந்து சேராமல் இருந்த காலம். அதைத் தொடங்கி வைத்தவள் செங்கமலம். ரோடு ஊருக்குள் நுழைகிற இடத்தில் தகரக்கூரை போட்டு டூவீலர் பட்டறை வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன் டவுனில் சைக்கிள் கடைக்கு ஸ்போக் கட்டப் போனவள், இன்ஜினை இறக்கிப் பூட்டுகிற வரைக்கும் கற்றுக்கொண்டுதான் வேலையை விட்டாள்.

அந்த ரோட்டின் பள்ளங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. ஊரிலிருந்து புறப்பட்டால் முதலில் பால்வாடிப் பள்ளம், அப்புறம் ரெட்டைத்தூக்கு, அப்புறம் ஆளை விழுங்குகிற ஓணான்குட்டை, அதற்கப்பால் பெயர் வைத்து முடியாமல் ஊர்க்காரர்கள் கைவிட்ட இருநூறு முந்நூறு சின்னக் குழிகள். வெள்ளைவெளேரென்ற தூசி எல்லாவற்றையும் மூடியிருக்கும். வெயில் ஏறினால் எது மேடு எது பள்ளம் என்று கண்ணுக்குப் பிடிபடாது, ரோடே ஆவியாகி மெல்ல மிதப்பதுபோல் இருக்கும், அந்த மண் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதை அந்த நேரத்தில் மட்டும் ஊர் நம்பும்.

செங்கமலத்தின் புருசன் வைரக்கண்ணு அந்த ரோட்டில் தினமும் போய்வந்த தபால்காரர். காலையில் டவுனுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து, பகலெல்லாம் ஊர் ஊராய்க் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவார். இருபத்திரண்டு வருசம் அப்படிப் போனதில் அவருடைய முதுகெலும்பில் ஒரு தட்டு இடம் மாறிவிட்டது. டவுன் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே ஒரு குலுக்கல்கூட ஆகாது, குலுங்கினா காலு ரெண்டும் விளங்காமப் போயிடும்" என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார். வேலையை விட்டுவிடலாம் என்று செங்கமலம் சொன்னபோது வைரக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, "சரி, போங்க, வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மூன்று நாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நூறு சிசி வண்டியோடு உட்கார்ந்தாள். முன்பக்க ஃபோர்க்கைக் கழற்றி, டிகாஷன்போல் கறுத்திருந்த பழைய எண்ணெயை வடித்து, சிறு கல்லுக்கு ஓடி ஒளிகிற அளவுக்கு மெல்லியதும் பெரும் பள்ளத்தில் அடிதட்டாத அளவுக்குக் கெட்டியுமாக இரண்டு எண்ணெய் கலந்து ஊற்றினாள். ஸ்பிரிங்குக்கு மேல் இருந்த குழாய்த்துண்டை அரை விரல் குறைத்தாள். டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினாள். பின்பக்க ஷாக் அப்சார்பரின் படிப்படியான வளையத்தைக் கொக்கி ஸ்பானரால் ஒரு படி திருகி, ஒரு படி தளர்த்தி, மறுபடி திருகினாள். இதிலெல்லாம் கணக்கு ஒன்றுதான். ஓட்டுகிற ஆள் காலைத் தரையில் ஊன்றாமல் முழு எடையும் வண்டியில் இருக்க உட்காரும்போது பின்பக்கம் இரண்டு விரல் அமுங்க வேண்டும். குறைந்தால் வண்டி கல், கூடினால் வண்டி தொட்டில். நூலை அச்சாணியில் கட்டி, சீட்டோரம் நகத்தால் கிள்ளிப் பிடித்து அளப்பாள்.

அன்றைக்கு வைரக்கண்ணுவால் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் அவர் எடை அறுபத்திரண்டு என்று போட்டிருந்தது. செங்கமலம் ஐம்பத்துநாலு. எட்டுக் கிலோ அரிசிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு அவளே உட்கார்ந்தாள். இரண்டு விரல் அமுங்கியது. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

வைரக்கண்ணு எழுந்து நடமாடி, பூட்டிய வண்டியில் முதல்முறை போன செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்த செங்கமலம் ஒரு முழம் மேலே எழும்பி, திரும்ப முக்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். முக்காலி அசையவில்லை. எதிரே பெட்ரோல் கிண்ணம் அலுங்கவில்லை. அவள் மட்டும். சற்றுப் பொறுத்து அடுத்தடுத்து இரண்டு முறை, அதற்குப் பிறகு பெரிதாக ஒன்று. பால்வாடிப் பள்ளம், ரெட்டைத்தூக்கு, ஓணான்குட்டை என்று அவள் வாய் தானாகச் சொல்லியது. பதினாலு கிலோமீட்டரும் அவள் உடம்பு வழியாகப் போய் முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். பையோடு அவர் திரும்பி வருகிற வழியிலும் அதே பள்ளங்கள் தலைகீழ் வரிசையில் வந்தன.

சாயங்காலம் வைரக்கண்ணு சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்.

"ஓணான்குட்டைப் பள்ளத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பள்ளமா? அதையெல்லாம் மூடிட்டானுவளா என்னா? எனக்கு ஒண்ணுமே தெரியலியே. பரிசல்ல போற மாதிரி போனேன், கமலம். நடுவுல கண்ணு சொக்கிடுச்சு."

வண்டிக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது என்று செங்கமலம் புரிந்துகொண்டாள். ஸ்பிரிங் எதையும் தின்று தீர்ப்பதில்லை, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத்தான் செய்யும், யார் உட்கார்ந்து அளவு கொடுத்தார்களோ அவர்களிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அவருடைய காலுக்கு விதித்தது தன் இடுப்புக்கு வருகிறது என்றால் அது நல்ல மாற்றாகவே அவளுக்குப் பட்டது. சொன்னால் மனுசன் வண்டியைத் தொடமாட்டார் என்பதால் சொல்லவில்லை. முக்காலியில் பழைய டியூப்பைச் சுற்றி மெத்தையாக்கிக்கொண்டாள்.

முதலில் பார்த்தவர் ஊராட்சித் தலைவர் ராஜமாணிக்கம். டீ வாங்கிக்கொண்டு வந்து பட்டறையில் நின்றவர், பேசிக்கொண்டிருந்தவள் கையில் டீ கிளாசோடு எழும்பி ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்குவதைப் பார்த்து, "ஏம்மா, என்னா இது?" என்றார். வண்டி விசயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத செங்கமலம் உள்ளதைச் சொன்னாள். மறுநாளே அவர் தன் வண்டியையும், தன் வயலில் வேலை பார்க்கிற கலியமூர்த்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். "எனக்கும் இவனுக்கும் எடை ஒண்ணுதான். இவன் உட்காருவான், நீ அளவெடு" என்றார். கலியமூர்த்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "தூக்கிப் போட்டா போடட்டுங்க்கா, ஊஞ்சல் மாதிரி இருக்கும்" என்றான். செங்கமலத்தின் கை ஒரு கணம் தயங்கியது என்று சொல்லலாம். ஆனால் திருகியது.

அதற்குப் பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். கரண்டு வந்தபோதுகூட அவ்வளவு சீக்கிரம் பழகவில்லை என்றுதான் பேச்சு. மகன்களுக்காகத் தாய்கள் வந்து உட்கார்ந்தார்கள், கல்லூரிக்குப் போகிற மகளுக்காக அப்பன்கள் உட்கார்ந்தார்கள், மாமியாருக்கு மருமகள் உட்கார்ந்த வீடும் உண்டு, மருமகளுக்கு மாமியார் உட்கார்ந்து அந்தச் சேதி மூன்று ஊருக்குப் பரவிய வீடும் உண்டு. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வண்டிக்கு மச்சான்காரன் அளவுக்கு உட்காருவது ஒரு சடங்காகி, தட்டில் வெற்றிலை பாக்கோடு கொக்கி ஸ்பானரையும் வைத்தார்கள். டீக்கடையில் முக்கால் கிளாசுதான் ஊற்றினார்கள். முடி திருத்துகிறவர் கத்தியைத் தீட்டுவதற்கு முன் "யாரு வண்டி? இந்நேரம் எங்க போவும்?" என்று விசாரித்து, ஓணான்குட்டை தாண்டட்டும் என்று காத்திருந்தார். நடவு வரிசையில் குனிந்திருக்கிற பெண்களில் ஒருத்தி மட்டும் நாற்றுமுடியோடு எழும்பி இறங்குவாள், பக்கத்தில் இருப்பவள் நிமிராமலே, "ஒன் மவன் ரெட்டைத்தூக்கு தாண்டிட்டான்டி" என்பாள். சிக்னல் வராத போனைவிட அது நம்பகமாக இருந்தது. மகன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பதைக் குலுக்கல் நின்றதை வைத்துத் தெரிந்துகொண்டு தாய்கள் சோறு வடிக்கப் போனார்கள். மேலத்தெருப் பெண் ஒருத்தி, யாருக்கும் உட்காராதவள் என்று வீட்டில் நம்பியிருந்தவள், கோயில் கும்பாபிசேகக் கூட்டத்தின் நடுவில் எல்லாருக்கும் தெரிய எழும்பி இறங்கினாள். எந்தப் பையன் அந்நேரம் ரோட்டில் இருந்தான் என்று பார்த்து, அடுத்த முகூர்த்தத்திலேயே முடித்துவைத்தார்கள்.

வைரக்கண்ணுவும் இதையெல்லாம் பார்த்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வீட்டில் இருந்தவர், மனைவியின் முதுகில் கன்றிப்போன தடத்தைப் பார்த்துவிட்டு, "நீ யாருக்கு உட்கார்ந்த?" என்று கேட்டார். "தம்பிக்கு" என்றாள். அவளுடைய தம்பி லால்குடியில் இருந்தான். வைரக்கண்ணு தலையாட்டினார், மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஊரும் வாயைத் திறக்கவில்லை. ஊர் ஒரு ரகசியத்தை ஒரு வருசத்துக்குமேல் காப்பாற்றியது வெண்ணாங்குறிச்சி வரலாற்றில் அது ஒரு தடவைதான்.

ஆனால் ரோடு கெட்டுக்கொண்டே போனது. ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாததால் எல்லாரும் வேகமாக ஓட்டினார்கள். மாதாமாதம் கலெக்டர் ஆபீசுக்கு ரோட்டுக்காக மனு எழுதிக்கொண்டிருந்த ராஜமாணிக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால், "ரோட்டுக்கு என்னாய்யா குறைச்சல், பரிசல் மாதிரி போவுதே" என்றார். ஒரு முழம் இருந்த குலுக்கல் இடுப்புயரம் ஆனது. செங்கமலம் காலையில் ஒன்பது மணிக்குச் சுவர்ப்பக்கம் போய், ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். பெரிய பள்ளமெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்பானரைத் தொடுவாள். திருகிய நட்டையே மறுபடி கழற்றித் திருகுவாள். அரைமணி வேலை ஒரு மணி ஆகும். அப்போதும் அவள் மனதில் இருந்தது ஒன்றுதான், அவருடைய கால்கள் நடக்கின்றன.

தை அறுப்பு முடிந்து வைக்கோல் போர் போடுகிற நேரத்தில், போரின் உச்சியில் நின்றிருந்த கலியமூர்த்தியை ரெட்டைத்தூக்கு தூக்கியது. முதல் தூக்கில் போரின்மேலேயே விழுந்தான். இரண்டாவது தூக்கில் போர் அவனுக்குக் கீழே இல்லை. வலது முன்கை முறிந்தது. அரைமணி கழித்து ராஜமாணிக்கம் டவுனில் ஒரு காதுகுத்துக்குப் போய்ச் சேர்ந்து, சட்டை கசங்காமல் பந்தியில் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தியின் மனைவி பட்டம்மாள் பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, அந்த வண்டியில இருந்து எங்க வூட்டுக்காரர அவுத்து விடுங்க."

"விடுறேன் பட்டம்மா. வேற ஆளு உட்கார்ந்து அளவு குடுக்கணுமே. தலைவரு வந்து உட்காரணும்."

"அவரு உட்காருவாரா?" பட்டம்மாள் குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "நீங்களும் உட்கார்ந்தீங்க, இல்லங்கல. உங்க வூட்டுக்காரரு காலு நல்லா இருக்கணும்னு ஆசையில உட்கார்ந்தீங்க. ஊரே கையெடுத்துக் கும்புடுது. எங்க வூட்டுக்காரரு எந்த ஆசையில உட்கார்ந்தாரு? உட்காருன்னு சொன்னாங்க, உட்கார்ந்தாரு. ரெண்டையும் ஒரே ஸ்பானராலதான திருகினீங்க?"

செங்கமலம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். அவமானமாக இருந்தது. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குள் வைரக்கண்ணு படுத்திருந்தார் என்பது, பட்டம்மாள் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எட்டிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டேமுக்காலுக்கு வைரக்கண்ணு புறப்பட்டுப் போனார். ஒன்பதுக்குச் செங்கமலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது பத்து ஆனது. ஒன்றும் வரவில்லை. ஒன்பதரை ஆனது. கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போனதுதான் மிச்சம், கால் தரையில் அப்படியே இருந்தது. பதினாலு மாதத்தில் ஞாயிறும் பண்டிகையும் தவிர அவள் தரையில் முழுசாக நின்ற முதல் காலை அது. பால்வாடிப் பள்ளத்துக்குக்கூட அவர் போய்ச் சேரவில்லை. புறப்பட்டுப் போனவர் பள்ளத்துக்கு முன்னாலேயே எங்கேயோ விழுந்து கிடக்கிறார், கால் போய்விட்டது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை என்றே நினைத்தாள். போனை எடுத்தாள், வழக்கம்போல் சிக்னல் இல்லை.

பட்டறையில் ஓடுகிற நிலையில் நின்றது பிரேக் ஷூ மாற்ற வந்து, மாற்றி முடித்திருந்த ராஜமாணிக்கத்தின் வண்டி ஒன்றுதான். ஏறி மிதித்தாள். ஊர் எல்லை தாண்டும்வரை அவள் கண்ணுக்கு ரோடும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. பால்வாடிப் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு எதிரே வந்தபோது, வண்டி தன்னைக் குலுக்காது என்ற தைரியத்தில் இன்னும் முறுக்கத்தான் கை போயிற்று. அப்போதுதான் யாரைக் குலுக்கும் என்பது நினைவுக்கு வந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு எங்கேயோ வரப்பில் உட்கார்ந்திருக்கிற கலியமூர்த்தி அவள் கண்ணில் தெரிந்தான். புதிய பிரேக் ஷூ, வண்டி விளிம்பில் நின்றது.

அவள் அழுதுகொண்டே இறங்கினாள். அந்தப் பக்கம் புருசன், இந்தப் பக்கம் இன்னொருத்தியின் புருசன். ஓட வேண்டிய நேரத்தில், ஹேண்டில்பாரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, முன்சக்கரத்தை அங்குலம் அங்குலமாகப் பள்ளத்தில் இறக்கி, அடியில் இருந்த கல்லை எட்டிக் காலால் தள்ளிவிட்டு, பின்சக்கரத்தையும் பிடித்து இறக்கி, மறுகரையில் அதேபோல் ஏற்றினாள். அடுத்து ரெட்டைத்தூக்கு, அதையும் அப்படியே. ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைத்தூசி வெயிலில் எழும்பி நின்றது, அதற்குள் அவள் ஒரு வண்டியைத் தூங்குகிற பிள்ளையை இடம் மாற்றிப் படுக்க வைப்பதுபோல் பள்ளம் பள்ளமாக இறக்கி ஏற்றிக்கொண்டு போனாள், போகப் போக அழுகை நின்று மூச்சு மட்டும் வந்தது.

ஓணான்குட்டையில் அவள் சக்கரத்தை இறக்கிக்கொண்டிருக்கும்போது, தூசிக்கு அந்தப்பக்கம், பள்ளத்தின் எதிர்க்கரையில், ஒருவர் காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள வண்டியை அதேபோல் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். முன்சக்கரம் கரை ஏறிவிட்டது. பின்சக்கரம் நழுவாமல் ஒரு கையால் கேரியரைத் தாங்கி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருந்தார்.

"ஏங்க" என்றாள்.

வைரக்கண்ணு திரும்பிப் பார்த்தார். வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கி வந்தார். கால்கள் நடந்தன. அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"முதுக வச்சிக்கிட்டு வண்டி தள்ளுறீங்களே, அறிவிருக்கா? டாக்டர் என்னா சொன்னாரு?"

"குலுங்கக் கூடாதுன்னாரு. தள்ளக் கூடாதுன்னு சொல்லல."

"யாரு சொன்னா உங்களுக்கு? பட்டம்மா பேசினது கேட்டுச்சா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும்" என்றார் வைரக்கண்ணு. பள்ளத்தின் அடியில் கிடந்த கல்லில் மெதுவாக உட்கார்ந்தார். "ஒன் தம்பி வண்டிக்கு உட்கார்ந்தேன்ன. நான் வூட்டுல இருக்கறப்ப ஒரு தடவகூட நீ எழும்பினதில்ல. நான் வூட்டுல இருந்தா ஒன் தம்பி வண்டிய தொடமாட்டானா என்னா? ஒரு வருசமா எனக்குத் தெரியும், கமலம். தெரிஞ்சும் ஓட்டினேன். சொகமா இருந்துச்சு. தெரியாத மாதிரி இருந்துட்டா சொகம் அப்படியே இருக்கும்னு இருந்துட்டேன். நேத்து பட்டம்மா பேசினத கேட்ட பிறகு முடியல. நானும் அந்தத் தலைவரும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு."

செங்கமலத்துக்குக் கோபம் வந்தது, ஒரு வருசம் ஏமாற்றினேன் என்று நினைத்திருந்தவள் ஒரு வருசம் ஏமாந்திருக்கிறாள். கோபத்துக்கு அடியிலேயே வேறொன்றும் வந்தது. அவர் முகத்தில் வியர்வையும் வெள்ளைத்தூசியும் கலந்து வழிவதை முந்தானையால் துடைத்தாள்.

"இப்ப என்னை உட்கார வச்சு அளவெடு" என்றார்.

"மாட்டேன்."

"அப்ப தள்ளிக்கிட்டேதான் போவேன். டவுனுக்குச் சாயங்காலம் போய்ச் சேருவேன், காயிதம் மறுநா போய்ச் சேரட்டும்."

அவர் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். அவளும் எதிரே இன்னொரு கல்லில் உட்கார்ந்தாள். பிறகு அவள், "ரெண்டு பேரும் உட்காரலாம்" என்றாள். "வண்டிக்கு ரெண்டு பேரையும் தெரிஞ்சா பாதிப் பாதியாக் குடுக்கும். குடுக்கும்னுதான் நெனைக்கிறேன். யாரும் செஞ்சு பாத்ததில்ல." சொல்லிவிட்டு எழுந்தவள் மறுபடி நின்றாள். "சுவரு வேணுமே. ரெண்டு பேரும் காலைத் தூக்கிட்டா வண்டிய யாரு புடிக்கிறது?"

அப்போது வரப்பிலிருந்து கலியமூர்த்தி இறங்கி வந்தான். கழுத்திலிருந்து துணி கட்டி வலக்கையைத் தொங்கவிட்டிருந்தான். "அந்தா, நீங்களா" என்றான். "யாருன்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேங்க்கா. காலையில தலைவரு வண்டி கெளம்புன மாதிரி இருந்துச்சு, பால்வாடிப் பள்ளம் வரும்னு வரப்ப கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன். வந்துச்சு, ஆனா யாரோ முதுகுல தட்டிக் குடுத்த மாதிரி வந்துச்சு. ரெட்டைத்தூக்கும் அப்படியே. தலைவருக்கு இப்படி ஓட்ட வராதேன்னு..." என்று இழுத்தான். காலையில் கம்பியை இறுக்கிப் பிடித்து நின்ற தனக்கும் அப்படித்தான் வந்திருக்கும், பயத்தில் தெரியவில்லை என்று செங்கமலத்துக்கு உறைத்தது.

"கலியமூர்த்தி, என்னை மன்னிச்சிரு" என்று செங்கமலம் சொன்னாள்.

"இருக்கட்டுங்க்கா. என்னா செய்யணும், சொல்லுங்க."

மூவரும் கரை ஏறியதும் அவன் வைரக்கண்ணுவின் வண்டிக்குச் சுவராக நின்றான். நல்ல தோளை ஹேண்டில்பாரில் முட்டுக்கொடுத்து, இடக்கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டான். முன்னால் வைரக்கண்ணு, பின்னால் செங்கமலம், நான்கு கால்களும் தரையை விட்டு மேலே. முந்தானையில் உருவி அச்சாணியில் கட்டியிருந்த நூலை அவள் குனிந்து கிள்ளிப் பிடித்து அளந்தாள். இரண்டு பேர் எடையையும் கூட்டி, வண்டியின் டூல்பையில் இருந்த கொக்கி ஸ்பானரால் வளையத்தை முன்பே திருகி வைத்திருந்தாள், ஆனால் இரண்டு விரல் அமுங்கவில்லை. மறுபடி அளந்தாள், அதே அளவுதான். அவள் எடை அவளுக்குத் தெரியும், குறைந்திருந்தது அவர். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த அறுபத்திரண்டை நம்பிக்கொண்டு, பக்கத்தில் படுத்திருந்த மனுசன் மெலிந்துபோனதை அவள் பார்க்காமல் இருந்திருக்கிறாள். ஒன்றும் சொல்லாமல் இறங்கி வளையத்தை ஒரு படி தளர்த்தினாள். மறுபடி ஏறி உட்கார்ந்து அளந்தாள். இரண்டு விரல்.

ராஜமாணிக்கத்தின் வண்டியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. "ஓட்டுறவங்க வந்து உட்காரட்டும்" என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் அவர் பஸ்சில் போய்வந்தார், நாலாம் நாள் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சீட்டில் ஏறிக் காலைத் தூக்கிக்கொண்டார். அன்றைக்கே ஓணான்குட்டையில் அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்துபோனது. மறுவாரம் கலெக்டர் ஆபீசுக்கு மனு போனது, அதில் கையெழுத்துக் கோணலாக இருந்தது என்று வைரக்கண்ணு சொன்னார், அவர்தான் கொண்டுபோனார். மற்றவர்களையும் செங்கமலம் கூப்பிட்டுச் சொன்னாள். பல பேர் வந்து மாற்றிக்கொண்டார்கள். சில தாய்கள் மட்டும் மாற்றவே மாட்டோம் என்று அழுது அடம்பிடித்தார்கள், குலுக்கல் போனால் பிள்ளை போய்ச் சேர்ந்தது எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அவர்களுக்கு மகன்களையும் கூட்டிவரச் சொல்லி இரண்டு பேரையும் உட்கார வைத்தாள்.

அவர்கள் வீட்டு வண்டியைப் பற்றிய அவள் கணக்குப் பொய்க்கவில்லை. மறுநாள் ஒன்பது பத்துக்குச் செங்கமலம் கம்பியைப் பிடிக்காமல் முக்காலியிலேயே இருந்தாள். ஒரு முழம் எழும்பி, இறங்கினாள். வலித்தது, முன்பு வலித்ததில் பாதி. அதே கணத்தில் பால்வாடிப் பள்ளத்தில் அவரும் ஒரு முழம் எழும்பி இறங்குவார், ஒரு வருசத்துக்குமேல் எதுவும் தெரியாமல் போன முதுகில் அது போய் உட்காரும். அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. டாக்டர் ஒரு குலுக்கல்கூட ஆகாது என்றுதான் சொன்னார், பாதிக் குலுக்கலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கேட்டுவரவும் யாருக்கும் தைரியம் இல்லை.

சாயங்காலம் அவர் வந்து வண்டியை நிறுத்தினார். இறங்கும்போது ஒரு நொடி சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லியே. ஒனக்கு?"

"எனக்கும் இல்ல."

அவர் எவ்வளவு பொய் சொல்கிறார் என்பது அவளுக்கு இப்போது துல்லியமாகத் தெரியும், அவள் சொல்கிற அதே அளவுதான். அவருக்கும் அது தெரிந்திருந்தது. செம்பை வாங்கிக் குடித்துவிட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தார், மிச்சத்தை அவள் குடித்தாள்.